ஒரே பாட்டும் எட்டுக் குறைகளும்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொது அறையில், மீன்தொட்டிக்கும் குளிர்ச்சட்டைகள் தொங்கும் கொளுவிக்கும் நடுவில், ஒரு ஜூக்பாக்ஸ் நிற்கிறது. உடுப்பு அலுமாரி அளவு உயரம். முன்பக்கம் செம்மஞ்சளும் பச்சையுமாக வெளிச்சம் ஓடும். காசு போடத் தேவையில்லை, பொத்தானை அமுக்கினால் போதும். நூறு பாட்டின் பெயர்கள் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதியிருக்கின்றன. எதை அமுக்கினாலும் ஒரே பாட்டுத்தான் வரும்.

அது ஒரு பூகி-வூகிப் பாட்டு. எங்கள் இல்லத்து முதியவர்கள் நடனத்துக்குப் போய்த் துணை தேடிய காலத்தில் ஊரெல்லாம் ஓடிய பாட்டு. பியானோவின் இடது பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். வலது பக்கத்தில் அதைப் பிடிக்க யாரோ இடறி இடறி ஓடுவார். நடுவில் ஒரு அமெரிக்கர், வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் ஆனால் கால் சொல்வழி கேட்கவில்லை என்று முறையிடுவார். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சொந்த மகனை யாரென்று கேட்கும் ஒரு அம்மா அங்கே இருக்கிறார். அவர்கூட இந்தப் பாட்டில் எந்த இடத்தில் இரண்டு தரம் கை தட்ட வேண்டும் என்பதை மறந்ததில்லை. நான் சமையலறையில் ஒன்பது வருடம். இறைச்சி உருண்டை பிடிக்கும்போது என் கை அந்த ரயிலோடுதான் போகும்.

ஜூக்பாக்ஸைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் பெடெல். கட்டடத்தில் பல்பு, குழாய், கதவு, கூரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், கலியாணம் செய்யாதவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அகதியாக வந்த புதிதில் அவர் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு கிரில் பாரின் பின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தவர். அந்தக் கடை பூட்டப்பட்டபோது, தானே ட்ரெய்லர் கொண்டுபோய் அங்கே நின்ற ஜூக்பாக்ஸை இல்லத்துக்கு இழுத்து வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. கேட்டால், "சாமான் வரவேணும் தங்கச்சி, ஓடர் குடுத்திருக்கு" என்பார். ஒன்பது வருடமாக அந்தச் சாமான் வந்துகொண்டே இருந்தது.

சென்ற வசந்தத்தில் அண்ணைக்கு அறுபது வயது வரப்போகிறதென்று எங்கள் இல்லத் தலைவி கண்டுபிடித்தார். நல்ல மனுசி, சிரித்தால் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும். என்னைக் கூப்பிட்டு, விழாப் பாட்டுக்கு நீதான் பொறுப்பு என்றார்.

இந்த நாட்டில் வட்ட வயது வந்தால், அதாவது நாற்பது, ஐம்பது, அறுபது என்று சைபரில் முடியும் வயது வந்தால், தெரிந்த மெட்டு ஒன்றில் அந்த ஆளைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தாளில் அச்சடித்து, வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். அந்த ஆளுக்கு முன்கூட்டியே ஒரு எழுத்துக்கூடத் தெரியக் கூடாது. மெட்டு எது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் வேறு மெட்டு ஏது.

நான் உற்சாகமாகச் சொன்னேன்: எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல, வாழ்த்துப்பா என்று எழுதுவோம், கண்ணாடி போட்டு மாட்டியும் கொடுப்போம். மாதிரிக்கு இரண்டு வரியை டேனிஷில் மாற்றிச் சொன்னேன். அண்ணை இருளில் ஒளிரும் முழுநிலவு, தளராத சிங்கம், வற்றாத ஊற்று.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவருக்கு ஏதும் வருத்தமா, வைத்தியர் நாள் சொல்லிவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகுதான் விளக்கினார். இங்கே பாட்டில் புகழ்ந்தால் ஆள் செத்துவிட்டதாக அர்த்தம். உயிரோடு இருப்பவரைப் பகிடி பண்ண வேண்டும். அவருடைய குறைகளை உன் ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு வா. எட்டுப் பத்தி, பத்திக்கு ஒரு குறை.

விசாரித்துக்கொண்டு வா. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாக, ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு இருந்து தொலைபேசியை எடுத்தேன். முதலில் கிரின்ஸ்டெட் மாமாவுக்கு. என் கணவரின் மாமா. அண்ணையை ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவர்.

"மாமா, எங்கட பெடெல் அண்ணையைப் பற்றி ஒரு விசயம் கேக்கவேணும். ஆள் எப்பிடி? ஏதும் குறை கிறை இருக்கோ?"

மறுபக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"ஆர் பகுதி?" என்றார் மாமா.

"என்ன பகுதி மாமா?"

"சரி சரி, இப்ப சொல்லவேண்டாம். சரிவாறதுக்கு முதல் வெளியில கதைக்கிறது வடிவில்லை. தங்கமான மனிசன், பிள்ளை."

"ஒரு குறையும் இல்லையோ? குடி?"

"குடிக்கிறேல்ல. முந்தியும் குடிக்கேல்ல. ஒருக்கா குடிச்சவர், அது குடியில்லை."

"கோவம் வருமோ?"

"வராது. வந்தாலும் தன்ரபாட்டில வந்து போயிடும், ஒருத்தருக்கும் தெரியாது."

"குறட்டை?"

"உதையெல்லாம் நான் சொல்லலாமோ?" என்று மாமா வெட்கத்தோடு சிரித்தார். "சாதகக் குறிப்பு வேணுமெண்டா சொல்லு. அவற்ற தமக்கை கொழும்பில இருக்கிறா, எடுக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களிடம் தனியாளாக இருக்கும் ஒருவரைப் பற்றி 'ஆள் எப்படி, குறை ஏதும் உண்டா' என்று கேட்டால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கிறார்கள். மொத்தம் நாலு வீட்டுக்கு எடுக்க நினைத்திருந்தேன். ஒரு பாட்டுக்குத்தான் கேட்கிறேன் என்று முதலிலேயே விளக்கிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு மற்ற மூன்று வீட்டுக்கும் எடுத்தேன். விளக்கம் கேட்டவர்கள் எல்லாரும், "ஓம் ஓம், பாட்டுக்குத்தான்" என்று குரலைத் தாழ்த்தினார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக மறைப்பதாக நினைத்து மெச்சினார்கள். ஒரு வீட்டில் தங்கம் என்றார்கள், அடுத்த வீட்டில் சொக்கத் தங்கம். மூன்றாவது வீட்டு மனுசி, "இந்த வயசில உப்பிடி முழங்கால் உள்ள ஆம்பிளை டென்மார்க்கில இல்லை" என்றார். ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பேச்சு என் பக்கம் திரும்பியது. முப்பது வருடமாக அண்ணையை ஒரு வீடும் கேட்டதில்லை. கடையில் அரைவிலைச் சீஸ் நாள்முழுக்கக் கிடக்கும். ஒருவர் எடுத்துத் திருப்பி வாசித்தால் போதும், பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அப்படி ஆகிவிட்டது அண்ணையின் கதை. கிரின்ஸ்டெட் மாமாவே எடுத்தார்.

"அந்தப் பகுதி சரிவராட்டி எனக்கு முதல் சொல்லு. இஞ்ச ஒண்டு இருக்கு. நாப்பத்தொன்பது. சொந்தக் கார்."

"மாமா, அந்தப் பகுதியே இல்லை."

"அப்ப சரிவரேல்லையோ? எப்ப முறிஞ்சது?"

புதன்கிழமை அண்ணை சமையலறைக்கு வந்தார். சொட்டாத குழாய்க்குக் கீழே குந்தியிருந்து, இறுகியிருந்த ஆணியை இன்னும் இறுக்கினார். தலைமயிருக்குக் கறுப்பு அடித்திருந்தார். கொஞ்சம் நெற்றிக்கும் அடித்திருந்தார்.

"தங்கச்சி."

"என்ன அண்ணை?"

"ஆரோ என்னைப் பற்றி…" என்று தொடங்கி, குழாயைப் பார்த்தார். "இண்டைக்குக் காத்து மேற்கில இருந்து வருது, கவனிச்சனீங்களோ?"

"ஓம் அண்ணை."

"பின்னேரம் மழை வரலாம்" என்றுவிட்டு எழுந்து போனார். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்த அந்த முகத்தை இப்போதும் என்னால் எழுத்தில் வைக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. பாட்டைப் பற்றிச் சொல்லாமல் உண்மையைச் சொல்ல முடியாது, பாட்டைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது தலைவியின் கண்டிப்பான கட்டளை. சொல்லாவிட்டால் இந்த மனிதர் புது உடுப்புப் போட்டுக்கொண்டு, பெண் யாரென்று அறிகிற ஆவலோடு வந்து, எல்லோருக்கும் முன்னால் எட்டுக் குறையைக் கேட்டுவிட்டுத் தனியே வீட்டுக்குப் போவார். நான் ஏற்றிவிட்ட ஆசை. இறக்குவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. அதுவும் போக, அந்த எட்டுக் குறையே என் கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை ரண்டர்ஸிலிருந்து ஒரு அழைப்பு. கோயிலில் இரண்டு மூன்று தரம் கண்டு சிரித்துப் பழக்கமான ஒரு அக்கா. கணவர் இறந்து ஆறு வருடம். முதியவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் வேலை செய்கிறார்.

"உங்கட பெடெலுக்குக் கலியாணம் பேசுறியளாமே. ஆர் பொம்பிளை?"

அந்தக் கிழமை என்னை இப்படிக் கேட்ட பதினோராவது ஆள் அவர். களைத்துப்போய் முழுவதையும் கொட்டினேன். பெண்ணும் இல்லை, பகுதியும் இல்லை, டேனிஷ்காரருக்கு ஒரு பாட்டுக்குக் குறை வேண்டும், எல்லாரும் தங்கம் தங்கம் என்கிறார்கள்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். ஒரு கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"குறையோ? பேப்பர் வைச்சிருக்கிறியளோ? எழுதுங்கோ."

எழுதினேன்.

"கிழங்கு உரிக்கத் தெரியாது. நாலு பக்கமும் சீவிச் சதுரமாக்கிப் போடுவார், அரைவாசிக் கிழங்கு தோலோட போயிடும். நாங்கள் ரெண்டு பேரும் கிரின்ஸ்டெட்டில ஒரே கூடையில இருந்து உரிச்சனாங்கள். முதலாளி கேட்டா நான்தான் உரிச்சனான் எண்டு சொல்லுவன். ரெண்டாவது, எங்க போனாலும் சேட்டுப் பொக்கற்றில ஸ்குரூ ட்ரைவர். ஒரு கலியாணத்தில பொம்பிளை கதிரையில இருக்கேக்கையே அந்தக் கதிரைக் கால் ஆணியை முறுக்கினவர். மூண்டாவது, அந்தக் கடைப் பாட்டுப்பெட்டியில ஒரு பியானோப் பாட்டுப் போகும், அதுக்கு வலது கால் தன்ரபாட்டில அடிக்கும். கோயில்ல மேளம் அடிச்சாலும் அந்தப் பாட்டுக்குத்தான் கால் அடிக்கும். சாமிக்கே தெரியும்."

ஏழாவது குறைவரை மூச்சு விடாமல் சொன்னார். ஏழாவது, வெங்காயம் வெட்டினால் அழமாட்டார், பக்கத்தில் நிற்பவர் அழுவதைப் பார்த்தால் அழுவார்.

"எட்டாவது?"

"எட்டாவது…" குரல் கொஞ்சம் மெதுவானது. "ஒரு விசயம் சொல்லவெண்டு வருவார், சொல்லமாட்டார். எனக்கு ரண்டர்ஸில கலியாணம் சரிவந்த நேரம், ஒருநாள் என்ர அறை வாசலுக்கு வந்தார். நான் குடுத்த குடையைத் தரவெண்டு. கனநேரம் நிண்டார். கடைசியில, நாளைக்கு முகிலாத்தான் இருக்கும் எண்டு சொன்னார். சொல்லிப்போட்டுப் போயிட்டார். குடையையும் கொண்டு போயிட்டார்."

நான் பேனையை வைத்துவிட்டேன். தங்கம் என்று சொன்னவர்கள் ஒருவருக்கும் அண்ணையைத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. எல்லாரும் அண்ணை அண்ணை என்றுதான் பேசினார்கள். இந்த அக்கா அரை மணித்தியாலத்தில் ஒரு தரம்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"அக்கா, நீங்களும் விழாவுக்கு வரவேணும்."

"நான் என்னத்துக்கு? வேலை கிடக்கு" என்றார். பிறகு, "எத்தினை மணிக்கு?" என்றார்.

பாட்டை நானும் தலைவியும் சேர்ந்து கட்டினோம். தாளின் இடப்பக்கம் தமிழ்ப் பாட்டு, டேனிஷ்காரரும் பாடக்கூடியதாக அவர்களுடைய எழுத்தில். வலப்பக்கம் அதன் பொருள் தலைவியின் டேனிஷ் எதுகைகளில். நான் மேசையில் தாளம் தட்டத் தட்ட அவர் சொல் தேடினார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் 'சதுரக் கிழங்கு' என்று எல்லாரும் கத்த வேண்டும் என்பது அவருடைய யோசனை. அந்தச் சொற்களை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்து, இது பூகி-வூகிக்கென்றே உண்டான மொழி என்றார்.

விழா நாள் ஞாயிறு மதியம். மேசையெல்லாம் சின்னச் சின்ன டேனிஷ் கொடி, அடுக்குக் கேக், எங்கள் ஆட்கள் கொண்டுவந்த ரோல்ஸ், கட்லட். நாற்பது டேனிஷ்காரர், அதில் பாதிப் பேர் சக்கர நாற்காலியில். எங்கள் ஆட்கள் முப்பது பேர், பட்டுச் சேலையும் வேட்டியுமாக. கிரின்ஸ்டெட் மாமா சால்வை போட்டிருந்தார். உள்ளே வந்ததும் என் காதடியில் குனிந்தார்.

"எழுத்து எத்தினை மணிக்கு? எழுதுற ஆள் வந்திட்டாரோ?"

கலியாணப் பதிவைக் கேட்கிறார். நான் அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்தேன்.

அண்ணை நடுமேசையில், புதுக் கோட்டில் இருந்தார். கோட்டுப் பொக்கற்றுக்கு மேலே ஸ்குரூ ட்ரைவரின் மஞ்சள் பிடி தெரிந்தது. வாசல் திறக்கிற ஒவ்வொரு தரமும் பார்த்தார். அக்காவைக் காணோம்.

தலைவி கரண்டியால் கிளாஸைத் தட்டினார். தாள்கள் கைமாறின. ஒருவர் ஜூக்பாக்ஸை அமுக்கினார், ரயில் புறப்பட்டது.

எழுபது பேர் பாடினோம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கர் தன் காலைப் பற்றி முறையிட்டார், அவருக்கு மேலால் எங்கள் ஆட்கள் தமிழில் ஓடினார்கள், டேனிஷ்காரர் ஒரு வரி பிந்தி வந்தார்கள், சக்கர நாற்காலிக்காரர் இரண்டு வரி பிந்தி வந்தார்கள். 'சதுரக் கிழங்கு' என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் சந்தித்துக்கொண்டோம். கை தட்டும் அம்மா சரியான இடத்தில் இரண்டு தரம் தட்டினார். ஒவ்வொரு குறை முடிய முடியக் கிரின்ஸ்டெட் மாமா எழுந்து நின்று, "உது பொய், தங்கமான மனிசன்" என்று பெண் பகுதி எங்கே இருந்தாலும் கேட்கும்படி திருத்தினார். டேனிஷ்காரர் அதுவும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து, மூன்றாவது பத்தியிலிருந்து அவரோடு சேர்ந்து எழுந்து நிற்கத் தொடங்கினார்கள்.

அண்ணை முதல் பத்தியில் திகைத்தார். இரண்டாவதில் பொக்கற்றைக் கையால் மூடினார். மூன்றாவதில் மேசைக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்த வலது காலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கிழங்கைப் பற்றியும் கோயிலில் அடிக்கும் காலைப் பற்றியும் ஒரே ஆள்தான் சொல்லியிருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தாளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

நாலாவது பத்தியோடு இசைத்தட்டு முடிந்துவிட்டது. எட்டுப் பத்திக்கு மூன்று நிமிடம் போதாது என்று நானும் தலைவியும் யோசிக்கவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது கொளுவியடியில் யாரோ பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. ரயில் மறுபடி புறப்பட்டது.

பிந்தி வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் அங்கேயே நின்ற ரண்டர்ஸ் அக்கா.

மிச்சம் நாலு பத்தியையும் அண்ணை ஜூக்பாக்ஸ் பக்கம் பார்த்தபடியே கேட்டார். எட்டாவது இப்படி வரும்:

குடையோடு வந்தார், வாசலில் நின்றார்,
நாளைக்கு முகிலென்று சொன்னார்,
குடையோடு போனார்.

சதுரக் கிழங்கு. மூன்று தரம் ஹுர்ரா. வழக்கப்படி இனிப் பிறந்தநாள்காரர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அண்ணை எழுந்தார். நன்றி சொல்லவில்லை. மேசைகளுக்கு நடுவால் நடந்து ஜூக்பாக்ஸ் அடிக்குப் போனார். எழுபது பேரும் திரும்பினோம். அக்காவுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார்.

"காத்து…" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்குரூ ட்ரைவர் ஆணியைக் கழற்றும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அண்ணை ஜூக்பாக்ஸின் பக்கப் பலகையைக் கழற்றிக் கையை முழங்கைவரை உள்ளே விட்டு, எதையோ இழுத்தெடுத்தார். கிரில் பாரில் சிப்ஸ் குத்திச் சாப்பிடத் தருவார்களே, அந்தச் சின்ன மர முள்ளுக்கரண்டி. இசைத்தட்டுகளைத் தெரிந்தெடுக்கும் பகுதி நகராதபடி அதைச் சொருகி வைத்திருக்கிறார். ஒன்பது வருடம். தலைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"இதில இன்னும் தொண்ணூற்றொன்பது பாட்டு இருக்கு" என்றார் அண்ணை. "அண்டைக்கு நான் குடை தரவெண்டு வரேல்ல."

"தெரியும்" என்றார் அக்கா. "திருப்பிக் கொண்டெல்லோ போனீங்கள்."

"வீட்டில இருக்கு. ஒரு கம்பி முறிஞ்சது, திருத்தி வைச்சிருக்கிறன்."

"அப்ப கொண்டுவந்து தாங்கோ. ரண்டர்ஸில மழைதான்."

"எப்ப?"

"அடுத்த ஞாயிறு. சமைக்கிறன். கிழங்கு நான் உரிக்கிறன்."

தலைவி என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார்கள், உடனே சொல் என்றார்.

குடையைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றேன்.

குடையா, அவ்வளவுதானா என்று அவர் ஏமாந்துபோனார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜூக்பாக்ஸின் சின்ன அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்பது வருடமாக வேறு பாட்டுக் கேட்காத இல்லம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வாசித்து முடித்து, ஆறுதலாக ஒரு பொத்தானை அமுக்கினார்.

ரயில் புறப்பட்டது. அதே ரயில், இந்தத் தரம் அக்கா தெரிந்தெடுத்தது.

கை தட்டும் அம்மா தட்டினார். கிரின்ஸ்டெட் மாமா சால்வையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார். "எழுத்து இண்டைக்கில்லைப்போல" என்றார். "அடுத்த ஞாயிறோ?"